கமாண்ட் ஹிஸ்டரி (முன்னாடி அடிச்ச கமாண்டுங்க) தேட எந்த டூல் நல்லாருக்கு? எஃப்இசட்எஃப்பா, அட்டூயினா, வேற ஏதாவதா?

நீளக்கமாண்ட்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு டெஸ்க்டாப்ல உபுண்டு லினக்ஸ், அதுல ஷெல் (கமாண்ட வாங்கி ஓட்டுற ப்ரோக்ராம்) பாஷ். ஆஃபீஸ்ல குடுத்தது மேக்புக், அதுல இசட்ஷெல். இது போக எஸ்எஸ்ஹெச்ல தூரத்துல இருந்தே உள்ள போயி பாக்குற சர்வருங்க சிலது இருக்கு. வேலை பூராவும் டெர்மினல்லதான், டீமக்ஸ்ல (ஒரே ஸ்க்ரீன பல டெர்மினலா பிரிக்கிறது) நாலஞ்சு பேன், அதாவது பிரிச்ச கட்டம், எப்பவும் தொறந்தே கெடக்கும்.

பிரச்சனை என்னன்னா எஃப்எஃப்எம்பெக் (வீடியோ மாத்த), ஆர்சிங்க் (ஃபைல் காப்பி பண்ண), ஓப்பன்எஸ்எஸ்எல் (சர்ட்டிஃபிகேட் பாக்க) மாதிரி நீளமான கமாண்டெல்லாம் ஒரு தடவ நெட்ல தேடி ஃப்ளாக் (கமாண்டோட சேத்து குடுக்குற ஆப்ஷன்) எல்லாம் சரிபண்ணி ஓட விட்டிருப்பேன், ரெண்டு மாசம் கழிச்சு அதே வேணும்னு ஹிஸ்டரில பின்னாடி தேடுற கண்ட்ரோல் ஆர் போட்டா சில சமயம் வருது சில சமயம் சுத்தமா இல்ல, நான் அடிச்சேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துருது. அப்படியே இருந்தாலும் ஒண்ணொண்ணா பின்னாடி போயி தேவையானத தாண்டிட்டேன்னா திரும்ப முன்னாடி வர கண்ட்ரோல் எஸ் அடிக்கணும்னு சொன்னாங்க, அத அடிச்சா ஸ்க்ரீனே உறைஞ்சு நிக்குது.

தேடிப் பாத்ததுல எஃப்இசட்எஃப், அட்டூயின், மெக்ஃப்ளை, ஹெச்எஸ்டிஆர்னு நாலு பேர் வருது. எல்லாத்தையும் போட்டுப் பாக்க பொறுமை இல்ல. ஷெல்ல மாத்த சொல்லாதீங்க, ஃபிஷ் ஷெல் நல்லாருக்கும்னு தெரியும், ஆனா ஸ்கிரிப்ட் எல்லாம் பாஷ்ல இருக்கு. யார் எத வச்சிருக்கீங்க, ஏன்?

பழைய_பாஷ்:

டூல அப்புறம் பாக்கலாம். "சில சமயம் வருது சில சமயம் இல்ல"ன்னு சொன்னீங்கல்ல, அது தேடுற பிரச்சனையே இல்ல, சேமிக்கிற பிரச்சனை. ஃபைல்லயே இல்லாதத எந்த டூலும் கண்டுபிடிச்சுக் குடுக்காது. இருட்டு ரூம்ல டார்ச் அடிக்கலாம், ரூம்லயே இல்லாத சாமான் டார்ச்சுல தெரியுமா?

பாஷ்ல நீங்க அடிக்கிறதெல்லாம் அந்த ஷெல்லோட மெமரிலதான் சேரும், ஷெல்ல மூடும்போதுதான் ஃபைலுக்குப் போகும். ஹிஸ்ட்அப்பெண்ட் ஆப்ஷன் ஆஃப்ல இருந்தா கடைசியா மூடுற ஷெல் தன்கிட்ட இருக்குற லிஸ்ட மட்டும் எழுதி ஃபைல மொத்தமா மாத்திரும், மத்த பேன்ல அடிச்சதெல்லாம் காலி. உபுண்டு, டெபியன் தர்ற பாஷ்ஆர்சில (பாஷ் தொறக்கும்போது படிக்கிற செட்டிங் ஃபைல்) அது ஆன்லதான் வரும், அதனால உங்க டெஸ்க்டாப்ல அது காரணமா இருக்காது, ஆனா சர்வர்ல எவன் என்ன வச்சிருக்கான்னு பாத்துக்கோங்க. உங்களுக்கு அடி விழுந்தது அளவுலன்னு நெனைக்கிறேன். பாஷோட சொந்த டீஃபால்ட் 500 கமாண்ட்தான். உபுண்டு பாஷ்ஆர்சி அத மெமரிக்கு 1000, ஃபைலுக்கு 2000ன்னு ஏத்தி வச்சிருக்கு. டெர்மினல்லயே குடியிருக்குற ஆளுக்கு 2000 எல்லாம் ரெண்டு மாசம் தாங்குமா? எல்எஸ், சிடி, கிட் ஸ்டேட்டஸ் மாதிரி சின்னச் சின்ன கமாண்டுங்களே பாதி எடத்த தின்னுரும்.

பாஷ் 4.3ல இருந்து ஹிஸ்ட்சைஸ் (மெமரி அளவு), ஹிஸ்ட்ஃபைல்சைஸ் (ஃபைல் அளவு) ரெண்டுக்கும் -1 குடுத்தா அளவே கிடையாது. ஃபைல் பெருசாயிருமேன்னு பயப்பட வேணாம், வருஷக்கணக்கா சேந்தாலும் அது ஒரு ஃபோட்டோ சைஸ்தான் வரும். ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. பாஷ்ஆர்சிய படிக்காம ஏதாவது ஒரு பாஷ் தொறந்து மூடுச்சுன்னா அது தன்னோட 500 கணக்குல ஃபைல வெட்டிட்டுப் போயிரும். அதுக்குத்தான் ஹிஸ்ட்ஃபைல் வேரியபிள்ல வேற பேரு குடுத்து தனி ஃபைலா வச்சிக்கறது, அப்ப அந்த மாதிரி ஷெல் பழைய பேருல இருக்குற ஃபைலத்தான் வெட்டும், உங்களது தப்பிச்சிரும்.

அடுத்து ப்ராம்ப்ட்கமாண்ட்ல (ஒவ்வொரு ப்ராம்ப்ட் வர்றதுக்கு முன்னாடியும் பாஷ் ஓட்டுறது) ஹிஸ்டரி மைனஸ் ஏ சேத்துருங்க, ஒவ்வொரு கமாண்ட் முடிஞ்சதும் ஃபைல்ல எழுதிரும், கரண்ட் போனாலும் கவலை இல்ல. சில பேரு கூடவே மைனஸ் என் சேக்கச் சொல்வாங்க, அப்ப மத்த பேன்ல அடிச்சதும் இங்க உடனே வரும். எனக்கு அது பிடிக்காது. இந்தப் பேன்ல மேல் அம்புக்குறி அடிச்சா இந்தப் பேன்ல நான் கடைசியா அடிச்சதுதான் வரணும், வேற பேன்ல எதையோ அழிக்கிறதுக்கு அடிச்ச ஆர்எம் இங்க வந்து நின்னு நான் பாக்காம என்டர் தட்டுனா என்னாவறது.

ஹிஸ்ட்டைம்ஃபார்மேட்டும் இன்னிக்கே போட்டுருங்க. அது போட்டதுக்கு அப்புறம் அடிக்கிறதுக்குத்தான் நேரம் பதிவாகும், பழசுக்கு பின்னாடி போயி தேதி ஒட்ட முடியாது. நாலு மாசம் கழிச்சு "இது எப்ப ஓட்டுனோம்"னு தேடும்போது அதோட அருமை தெரியும்.

மேக்ல கதை வேற. அதுல சிஸ்டமே வச்சிருக்குற செட்டிங்ல சேவ்ஹிஸ்ட் (ஃபைல்ல சேமிக்கிற அளவு) 1000தான். அதையும் ஹிஸ்ட்சைஸையும் ஒரு லட்சம்னு வச்சுட்டு இங்க்அப்பெண்ட்ஹிஸ்டரி, எக்ஸ்டெண்டட்ஹிஸ்டரி ரெண்டையும் ஆன் பண்ணுங்க. மொதலாவது உடனே எழுதும், ரெண்டாவது நேரத்தையும் சேத்து எழுதும். எல்லா விண்டோவும் ஒரே ஹிஸ்டரிய பாக்கணும்னா மட்டும் ஷேர்ஹிஸ்டரி, அப்ப இங்க்அப்பெண்ட் வேணாம், ரெண்டையும் ஒண்ணா போடக்கூடாதுன்னு அதோட மேனுவல்லயே இருக்கு.

கண்ட்ரோல் எஸ் சமாச்சாரம் அந்தக் காலத்து டெர்மினல்ல இருந்து வர்ற பழக்கம், அவுட்புட்ட நிறுத்தி வைக்கிற கீ அது. உறைஞ்சா கண்ட்ரோல் க்யூ அடிங்க, விட்டுரும். எஸ்டிடிஒய் கமாண்டுக்கு மைனஸ் இக்ஸான் குடுத்து பாஷ்ஆர்சில ஒரு வரி போட்டா அந்தத் தொல்லை போயி கண்ட்ரோல் எஸ் முன்பக்கம் தேட ஆரம்பிச்சிரும்.

இதெல்லாம் பண்ணிட்டு ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. டூலே வேணாம்னு தோணலாம்.

ஃபஸ்ஸிஃபசுலு:

மேல சொன்னது எல்லாம் சரி, அதோட லிஸ்ட்ல தேடித் தர்ற எஃப்இசட்எஃப் போட்டுட்டு வேலைய பாருங்க பாஸ். 2013ல இருந்து இருக்கு, ஒரே பைனரி, எல்லா டிஸ்ட்ரோலயும் பேக்கேஜ் இருக்கு, ஹிஸ்டரிக்கு மட்டும் இல்லாம கண்ட்ரோல் டி போட்டா ஃபைல் தேடும், ஆல்ட் சி போட்டா ஃபோல்டருக்குத் தாவும். 0.48 வெர்ஷன்ல இருந்து பாஷ்ஆர்சில ஒரே ஒரு வரி போதும். உபுண்டு ரெப்போல இருக்குறது பழசா இருந்தா அந்த ஒரு வரி வேலை செய்யாது, அப்ப யூஎஸ்ஆர் ஷேர் டாக்ல எக்ஸாம்பிள்ஸ் ஃபோல்டர்ல கீபைண்டிங் ஃபைல் ஒண்ணு இருக்கும், அத சோர்ஸ் பண்ணணும் (பாஷ்ஆர்சில இருந்து படிக்க வைக்கணும்).

நெறைய பேருக்குத் தெரியாதது அதுல தேடுற விதம். சும்மா எழுத்தா அடிச்சா ஃபஸ்ஸியா, நடுவுல எழுத்து விட்டுப் போனாலும், கண்டதெல்லாம் வரும், வார்த்தைக்கு முன்னாடி ஒத்த மேற்கோள் போட்டா அந்த வார்த்தை அப்படியே இருக்கணும், ஆச்சரியக்குறி போட்டா அது இருக்கக்கூடாது. ஆர்சிங்க்னு அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு ஆச்சரியக்குறியோட டிரைரன்னு (நெசமா ஓட்டாம ஒத்திகை மட்டும் பாக்குற ஃப்ளாக்) போட்டீங்கன்னா நெசமா ஓடுன ஆர்சிங்க் மட்டும் மிஞ்சும். லிஸ்ட் வந்ததுக்கு அப்புறம் கண்ட்ரோல் ஆர் இன்னொரு தடவ அடிச்சா பொருத்தம் பாத்து அடுக்குறதுக்கும் நேர வரிசைக்கும் மாறிக்கும். இது தெரியாமத்தான் பாதிப் பேரு "எஃப்இசட்எஃப்ல பழசு மேல வருது புதுசு கீழ போவுது"ன்னு பொலம்புறாங்க.

நீளக்கமாண்ட்:

பழைய_பாஷ் அண்ணா, போயி பாத்தேன், சொன்ன மாதிரியே ஹிஸ்ட்ஃபைல்சைஸ் 2000தான் இருக்கு, மாத்திட்டேன். எஃப்இசட்எஃப்பும் போட்டாச்சு. ஆனா ஒரு பேன்ல அடிச்சது இன்னொரு பேன்ல கண்ட்ரோல் ஆர்ல வரமாட்டேங்குது, மைனஸ் ஏ போட்டும் வரல. எஃப்இசட்எஃப் ஃபைலத்தான படிக்கும்?

ஃபஸ்ஸிஃபசுலு:

இல்ல, அது உங்க ஷெல் மெமரில வச்சிருக்குற லிஸ்டத்தான் வாங்கிக் காட்டும், ஃபைல நேரா படிக்காது. புதுசா பேன் தொறந்தா வரும். பழைய பேன்ல வேணும்னா ஹிஸ்டரி மைனஸ் என் கையால ஒரு தடவ அடிச்சுட்டு அப்புறம் கண்ட்ரோல் ஆர் போடுங்க. நான் அதுக்கு ரெண்டு எழுத்துல ஒரு ஏலியஸ் (சுருக்குப் பேரு) வச்சிருக்கேன்.

ஆமைவேகம்:

பாத்தீங்களா, இந்த இடத்துலதான் அட்டூயின் வேணும். பாஷ், இசட்ஷெல் ரெண்டும் கமாண்ட ஒரு வரி டெக்ஸ்டா மட்டும்தான் வச்சிக்குது, மிஞ்சிப்போனா நேரம். அட்டூயின் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்ல எந்த ஃபோல்டர்ல நின்னு அடிச்சீங்க, எத்தன நேரம் ஓடுச்சு, எக்ஸிட் கோடு (சரியா முடிஞ்சா 0, இல்லன்னா வேற நம்பர்) என்ன, எந்த மெஷின், எந்த செஷன்னு எல்லாத்தையும் சேத்துப் பதிவு பண்ணும். நமக்கு ஞாபகம் இருக்கறதே அப்படித்தானே இருக்கும், "அந்த வீடியோ ஃபோல்டர்ல நின்னு ஒண்ணு அடிச்சேனே, மூணாவது தடவதான் சரியா வந்துச்சே"ன்னு. கமாண்டோட எழுத்து எவனுக்கு ஞாபகம் இருக்கு? எஃப்எஃப்எம்பெக்னு தேடுனா முப்பது வரி வரும், அதுல இருபத்தஞ்சு தப்பாப் போனது. எக்ஸிட் கோடு 0 வந்தத மட்டும் காட்டுன்னு கேக்குற வசதி எஃப்இசட்எஃப்புக்கு எப்படி வரும், அந்தத் தகவலே அதுக்கிட்ட இல்லையே.

கண்ட்ரோல் ஆர் போட்டதும் வர்ற ஸ்க்ரீன்ல திரும்பத் திரும்ப கண்ட்ரோல் ஆர் அடிச்சா வடிகட்டுற விதம் மாறிக்கிட்டே போகும், எல்லா மெஷின், இந்த மெஷின் மட்டும், இந்த செஷன் மட்டும், இந்த ஃபோல்டர் மட்டும்னு. நான் அதிகமா கைய வைக்கிறது ஃபோல்டர்லதான். பழைய ப்ராஜக்ட் ஃபோல்டருக்குள்ள போயி அந்த ஃபில்டர்ல நிறுத்துனா அந்த ப்ராஜக்ட எப்படி பில்ட் பண்ணுனோம், எப்படி டிப்ளாய் பண்ணுனோம்னு எல்லாம் வரிசையா வந்து நிக்கும், ரீட்மீ எழுதாம விட்ட ப்ராஜக்டுக்கு இதவிட்டா வேற வழியே கெடையாது.

போடும்போது சிலது தெரிஞ்சிக்கோங்க. மேல் அம்புக்குறியையும் அது புடிச்சிக்கும், சாதாரணமா ஒரு கமாண்ட் பின்னாடி போகலாம்னு அடிச்சா ஸ்க்ரீன் பூரா தொறந்து நிக்கும், எனக்கு மொத நாளே எரிச்சல் வந்துச்சு. ஆர்சி ஃபைல்ல சேக்குற அட்டூயின் இனிட் வரில டிஸேபிள் அப் ஆரோன்னு ஒரு ஃப்ளாக் இருக்கு, அத குடுத்துருங்க. புதுசா இன்ஸ்டால் பண்றவங்களுக்கு என்டர் அடிச்சா கமாண்ட் உடனே ஓடிரும், டேப் அடிச்சாத்தான் திருத்துறதுக்கு வரும். கான்ஃபிக் ஃபைல்ல என்டர்அக்செப்ட்டுனு இருக்கும், அத ஃபால்ஸ் ஆக்கிட்டா என்டர் அடிச்சாலும் திருத்த விடும், அதுதான் பாதுகாப்பு. பாஷ்ல தனியா ஓடாது, பாஷ்ப்ரீஎக்ஸெக், பிஎல்இன்னு இருக்குற ஸ்கிரிப்ட் ரெண்டுல ஒண்ணு கூட வேணும், இசட்ஷெல்ல அந்தத் தொந்தரவு இல்ல. பழைய ஹிஸ்டரிய இம்போர்ட் ஆட்டோ குடுத்து உள்ள இழுத்துக்கலாம், ஆனா பழசுக்கு ஃபோல்டர், எக்ஸிட் கோடு எல்லாம் இருக்காது.

முக்கியமா, உங்க பழைய ஹிஸ்டரி ஃபைல் எங்கயும் போகாது. ஷெல் அது பாட்டுக்கு அதுல எழுதிட்டுத்தான் இருக்கும், அட்டூயின் தனி டேட்டாபேஸ்ல எழுதும். பிடிக்கலன்னா வரிய எடுத்துட்டா பழைய நெலமைக்கு வந்துரலாம்.

பழைய_பாஷ்:

ஒத்துக்குறேன், ஃபோல்டர் விஷயம் நெசமாவே நல்ல வசதி. ஆனா ஒரு ப்ராம்ப்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு ப்ரோக்ராம் ஓடணும், ஒரு டேட்டாபேஸ் இருக்கணும், பாஷுக்கு இன்னொரு ஸ்கிரிப்ட் வேணும்னு அடுக்கிக்கிட்டே போறது எனக்கு ஒத்துவராது. சர்வர்ல போயி நின்னா அங்க இருக்குறது வெறும் பாஷ்தான். அங்க கை பழகியிருக்கணும்.

ஆமைவேகம்:

அண்ணே சர்வருக்கு யாரு போடச் சொன்னா, நான் லேப்டாப்புக்குத்தான் சொன்னேன் 🙂

ரூட்டுராணி:

சர்வர்னு பேச்சு வந்ததால சொல்றேன், யாரும் பாஸ்வேர்டு பத்தி வாயே தொறக்கல.

ஹிஸ்டரி ஃபைல்ங்கறது என்க்ரிப்ட் பண்ணாத வெறும் டெக்ஸ்ட். அளவே இல்லாம வைங்க, உடனே எழுதுங்க, எல்லா மெஷினுக்கும் சிங்க் பண்ணுங்கன்னு மேல சொன்ன ஒவ்வொண்ணும் தேடுறதுக்கு எவ்ளோ நல்லதோ, தப்பித்தவறி அடிச்ச டோக்கனுக்கு (பாஸ்வேர்டு மாதிரி ரகசியச் சாவி) அவ்ளோ கெட்டது. வருஷக்கணக்கா அது அங்கயே கெடக்கும். கர்ல் கமாண்டுல ஆத்தரைசேஷன் ஹெடர் குடுத்தது, மைஎஸ்க்யூஎல்ல மைனஸ் பிக்கு ஒட்டியே பாஸ்வேர்டு அடிச்சது, எக்ஸ்போர்ட் பண்ணி ஏபிஐ கீ வச்சது எல்லாம் இருக்கும். இப்பவே உங்க ஹிஸ்டரி ஃபைல்ல டோக்கன், சீக்ரட், பாஸ்வேர்டுன்னு கிரெப் அடிச்சுத் தேடிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

உபுண்டு பாஷ்ல ஹிஸ்ட்கண்ட்ரோல் இக்னோர்போத்னு இருக்கறதால கமாண்டுக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டு அடிச்சா பதிவாகாது. மேக்ல அது தானா வராது, ஹிஸ்ட்இக்னோர்ஸ்பேஸ் நீங்கதான் போடணும். அட்டூயினும் ஸ்பேஸ்ல ஆரம்பிக்கிறத விட்டுரும், அது போக கிட்ஹப் டோக்கன், ஏடபிள்யூஎஸ் கீ மாதிரி வடிவம் தெரிஞ்சதுங்கள தானா வடிகட்டும். ஆனா நீங்க வச்ச பாஸ்வேர்டுக்கு வடிவம்னு ஒண்ணு இல்லையே, அத எப்படிக் கண்டுபிடிக்கும். அதுக்கு கான்ஃபிக்ல ஹிஸ்டரிஃபில்டர்ல நாமளே ரெஜெக்ஸ் (எழுத்து எந்த வடிவத்துல வரும்னு சொல்ற விதி) எழுதலாம்.

ஸ்பேஸ் விட்டுட்டோம், முடிஞ்சுதுன்னும் நெனைக்காதீங்க. கமாண்ட் ஓடிட்டு இருக்கும்போது அதே மெஷின்ல இருக்குற வேற யூசர் ஓடுற ப்ரோக்ராம் லிஸ்ட் காட்டுற பிஎஸ் அடிச்சா ஆர்க்யூமெண்டோட (கமாண்டுக்குப் பின்னாடி அடிச்சதோட) தெரியும். ரகசியம் எதையும் ஆர்க்யூமெண்டா குடுக்காம ஃபைல்ல இருந்தோ ப்ராம்ப்ட்லயோ வாங்குற மாதிரி வைக்கிறதுதான் சரி. ஏற்கனவே பதிவாயிருச்சுன்னா ஹிஸ்டரி மைனஸ் டில நம்பர் குடுத்து அழிச்சு மைனஸ் டபிள்யூ போட்டு எழுதுங்க, ஆனா அதோட நிறுத்தாம அந்த பாஸ்வேர்ட மாத்துங்க. பேக்அப்ல ஏற்கனவே போயிருக்கும்.

நீளக்கமாண்ட்:

அக்கா, கிரெப் அடிச்சேன். பேசறதுக்கு ஒண்ணும் இல்ல, மாத்திட்டு வரேன்.

சிங்க் பத்தியும் கேக்கணும், வீட்டு உபுண்டுவும் ஆஃபீஸ் மேக்கும் ஒரே ஹிஸ்டரியா இருந்தா வசதியா இருக்குமேன்னு ஒரு ஆசை. அட்டூயின்ல என்க்ரிப்ட் ஆகித்தான் போகுதுன்னு போட்டிருக்கே, அப்ப பரவால்லயா?

ரூட்டுராணி:

என்க்ரிப்ஷன் சரியாத்தான் இருக்கு, உங்க மெஷின்லயே பூட்டித்தான் அனுப்பும், சர்வர்ல உக்காந்திருக்குறவங்களால படிக்க முடியாது. வேணும்னா சர்வரையே சொந்தமா ஓட்டலாம், அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. ஆஃபீஸ் மேக்ல அடிக்கிற கமாண்டுல உள்ளுக்குள்ள இருக்குற ஹோஸ்ட் பேரு, கஸ்டமர் பேரு, பக்கெட் பேரு எல்லாம் இருக்கும். அது வீட்டு மெஷின்ல வந்து இறங்குறதுக்கு உங்க கம்பெனி ஒத்துக்குமா? என்க்ரிப்ட் ஆகிப் போனாலும் வந்து சேர்ற இடம் கம்பெனிக்கு வெளில. செக்யூரிட்டி டீம்கிட்ட கேட்டு, எழுத்துல வாங்கிட்டு பண்ணுங்க. இல்லன்னா ரெண்டையும் தனித்தனியா விட்டுருங்க. அட்டூயின்ல அக்கவுண்டே இல்லாம, சிங்க் இல்லாம ஒரு மெஷின்லயே வச்சு ஓட்டலாம், முக்கால்வாசி பயன் அதுலயே கிடைச்சிரும்.

இன்னொண்ணு, சிங்க் போடுறதுன்னா அட்டூயின் கீ கமாண்ட் குடுத்து வர்ற சாவிய பாஸ்வேர்டு மேனேஜர்ல போட்டு வைங்க. அது தொலைஞ்சு மெஷினும் போச்சுன்னா சர்வர்ல இருக்குறத யாராலயும் தொறக்க முடியாது, அவங்களாலயும் முடியாது.

பல பேரு ஒரே யூசர்ல லாகின் பண்ற சர்வர்னா ஹிஸ்டரிய நம்பி "யாரு என்ன பண்ணா"ன்னு தேடாதீங்க. அது அழிக்க முடியற ஃபைல். அதுக்கு ஆடிட்டின்னு தனியா பதிவு வைக்கிற சர்வீஸ் இருக்கு.

ரெண்டுங்கெட்டான்:

கேள்வில இருந்த மத்த ரெண்டு பேரப் பத்தி யாரும் சொல்லலன்னு வந்தேன்.

ஹெச்எஸ்டிஆர் சி மொழில எழுதுனது, சின்னது, பாஷ், இசட்ஷெல் ரெண்டுலயும் ஓடும். அதுல பிடிச்சது ரெண்டு. ஃபேவரிட்னு தனியா எடுத்து வைக்கலாம், தேவையில்லாத கமாண்ட லிஸ்ட்ல நின்னு டெலீட் கீ அடிச்சே ஹிஸ்டரில இருந்து தூக்கிரலாம். மேல சொன்ன பாஸ்வேர்டு கேஸுக்கு வசதி. ஆனா ஒரு விவகாரம் இருக்கு, பழைய வெர்ஷன் நீங்க தேர்ந்தெடுத்த கமாண்ட ப்ராம்ப்ட்ல கொண்டாந்து வைக்க டிஐஓசிஎஸ்டிஐன்னு ஒரு கெர்னல் வசதிய நம்பி இருந்துச்சு, யாரோ கீபோர்டுல அடிக்கிற மாதிரியே எழுத்த டெர்மினலுக்குள்ள தள்ளுற வேலை. அது செக்யூரிட்டிக்கு ஓட்டைன்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்து, லினக்ஸ் 6.2ல அத ஆஃப் பண்ணி வைக்கிற வசதி கொண்டாந்தாங்க. ஆஃப் பண்ணி வச்ச டிஸ்ட்ரோல பழைய ஹெச்எஸ்டிஆர் தேர்ந்தெடுத்தாலும் ப்ராம்ப்ட்ல ஒண்ணும் வராம முழிக்கும். புது வெர்ஷன் போட்டு அதுவே தர்ற ஷெல் செட்டிங்க பாஷ்ஆர்சில சேத்தா சரியாயிரும்.

மெக்ஃப்ளை ரஸ்ட் மொழில எழுதுனது, குட்டியா ஒரு நியூரல் நெட்வொர்க் வச்சு நீங்க இருக்குற ஃபோல்டர், இதுக்கு முன்னாடி அடிச்ச கமாண்ட், எவ்ளோ அடிக்கடி அடிக்கிறீங்க, ஃபெயில் ஆச்சான்னு எல்லாம் பாத்து வரிசைப்படுத்தும். நெட்வொர்க்னதும் பயந்துராதீங்க, எல்லாம் உங்க மெஷினுக்குள்ளதான். தினமும் ஒரே மாதிரி வேலை செய்யறவங்களுக்கு எழுத்தே அடிக்காம மேல வந்து நிக்கும். எனக்கு செட் ஆகல, காரணம் வரிசை மாறிக்கிட்டே இருக்கும். நேத்து ரெண்டாவது எடத்துல இருந்தது இன்னிக்கு ஆறாவது எடத்துல. நான் கண்ணால பாக்காம விரல் பழக்கத்துல போற ஆளு, எனக்கு வரிசை மாறக்கூடாது.

மீன்குழம்பு:

ஃபிஷ் பத்தி பேச வேணாம்னு சொல்லிட்டாரு, அதனால பேசல. அடிக்க ஆரம்பிச்சதுமே சாம்பல் கலர்ல மிச்சத்த அதுவே காட்டும்னும் சொல்லல, 3.6ல இருந்து கண்ட்ரோல் ஆர்க்கு லிஸ்டே வந்துருச்சுன்னும் சொல்லல, ஸ்கிரிப்ட் பாஷ்லயே இருக்கலாம் மொத வரில பாஷ்னு போட்டா போதும் டெர்மினல் மட்டும் ஃபிஷ்ஷா இருக்கலாம்னும் சொல்லவே இல்ல.

மேக்ஃபைல்மாரி:

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ தேவைப்படுற நீள கமாண்ட ஹிஸ்டரில தேடுறதே எனக்கு சரியாப் படல. அது திரும்ப வேணும்னு தெரிஞ்சா ஒரு ஸ்கிரிப்டா எழுதி "பின்"ங்கற ஃபோல்டர்ல போடு, ப்ராஜக்டுக்கு உரியதுன்னா மேக்ஃபைல்ல (ப்ராஜக்ட் வேலைங்கள எழுதி வைக்கிற ஃபைல்) ஒரு டார்கெட்டா போடு. கிட்ல இருக்கும், டீம்ல அடுத்தவனுக்கும் கிடைக்கும், ஏன் இந்த ஃப்ளாக்னு பக்கத்துல ரெண்டு வரி கமெண்ட் எழுதலாம். ஹிஸ்டரில இருக்குற கமாண்ட் ஏன் அப்படி இருக்குன்னு ஹிஸ்டரி சொல்லாது.

அவ்ளோ தூரம் போக சோம்பலா இருந்தா சுலபமா ஒண்ணு. கமாண்ட் அடிச்சு முடிச்சதும் கடைசில ஹேஷ் (#) போட்டு நாலு வார்த்தை எழுதிட்டு என்டர் தட்டுங்க, "வாட்ஸப்புக்கு வீடியோ சுருக்க", "சர்ட்டிஃபிகேட் தேதி பாக்க"ன்னு. ஷெல் அத கமெண்ட்டுன்னு விட்டுரும், ஹிஸ்டரில கமாண்டோட ஒட்டிக்கிட்டே இருக்கும். அப்புறம் கண்ட்ரோல் ஆர்ல "சுருக்க"ன்னு தேடுனா வந்து நிக்கும். எந்த டூலும் வேணாம், வெறும் பாஷ் இருக்குற சர்வர்லயும் ஓடும். இசட்ஷெல்ல இன்டராக்டிவ்கமெண்ட்ஸ் ஆன் பண்ணணும், இல்லன்னா ஹேஷ் போட்டா திட்டும்.

ஆமைவேகம்:

ஹேஷ் ஐடியா சூப்பர், எடுத்துக்கிட்டேன். ஆனா மாரி, ஸ்கிரிப்டா எழுதி வைக்கணும்னு அடிக்கும்போது தெரிஞ்சாத்தான எழுதுவீங்க. திரும்ப வேணும்னு ரெண்டு மாசம் கழிச்சுத்தான தெரியுது. அந்த ரெண்டாவது தடவைக்குத்தான் ஹிஸ்டரி, மூணாவது தடவைக்கு ஸ்கிரிப்ட்.

மேக்ஃபைல்மாரி:

அதுல சண்டை போட ஒண்ணும் இல்ல. பாஷ்ல கண்ட்ரோல் எக்ஸ் அடிச்சு உடனே கண்ட்ரோல் இ அடிச்சா அந்த வரி எடிட்டர்ல தொறக்கும், அப்படியே வேற பேருல சேவ் பண்ணுனா ஸ்கிரிப்ட் ரெடி.

நீளக்கமாண்ட்:

இப்ப என் நிலவரம். உபுண்டுல பழைய_பாஷ் அண்ணா சொன்ன செட்டிங் எல்லாம் போட்டாச்சு. மேக்ல அட்டூயின், சிங்க் இல்லாம, அப் ஆரோ டிஸேபிள் பண்ணி, ஹிஸ்டரிஃபில்டர்ல பாஸ்வேர்டுன்னு வர்றத விடச் சொல்லியிருக்கேன். சர்வர்ல ஒண்ணும் போடல, ஹேஷ் மட்டும். ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் எஃப்இசட்எஃப் பிடிச்சுப்போச்சு, அதனால மேக்லயும் அது வேணும். ஆனா ரெண்டையும் போட்டா கண்ட்ரோல் ஆர்க்கு எஃப்இசட்எஃப்தான் வருது, அட்டூயின் வரமாட்டேங்குது.

ஃபஸ்ஸிஃபசுலு:

ரெண்டும் அதே கீயத்தான் புடிக்கும், ஆர்சி ஃபைல்ல யாரு கடைசியா வர்றாங்களோ அவங்களுக்குத்தான் கீ. எஃப்இசட்எஃப் வரிய மேல தூக்கிட்டு அட்டூயின் இனிட்ட அதுக்குக் கீழ வைங்க. கண்ட்ரோல் டி, ஆல்ட் சி ரெண்டும் எஃப்இசட்எஃப் கிட்டயே இருக்கும். மாத்துனதும் பழைய பேன்ல பாக்காதீங்க, புது பேன் தொறந்து பாருங்க. மேக்ல ஆல்ட் சி அடிச்சா செடில்லா (ç) வந்து விழும், டெர்மினல் ஆப்போட ப்ரொஃபைல் செட்டிங்ல கீபோர்டுல ஆப்ஷன் கீய மெட்டாவா வச்சிக்கன்னு ஒரு டிக் இருக்கு, அதையும் போட்டுருங்க.

நீளக்கமாண்ட்:

வந்துருச்சு, ரெண்டும் வேலை செய்யுது. நன்றி எல்லாருக்கும். மீன்குழம்பு, உங்களுக்கும்.